கான்டசா ஸ்டீயரிங் விஷயமாக சகாயத்துக்கு

இயேசு மரி சூசை துணை

காரைக்குடி
புதன்கிழமை

அன்பு மகன் சகாய ஆண்டனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் பெல்சியும் குட்டியும் அந்தக் கனடாவில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி உங்களுக்கென்றே சொல்கிறேன், இப்போது உன் மேல் இருக்கிற கோபத்திலும் அதை விடவில்லை. போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் வாய்ஸ் மெசேஜையெல்லாம் ரெண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பேன் என்று நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, அதனால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை டாக்டர் மாற்றியிருக்கிறார், எரியுது எரியுது என்று குழந்தை மாதிரித் தலையை ஆட்டுகிறார்கள், நான்தான் தாடையைப் பிடித்துக்கொண்டு விடுகிறேன். நாங்கள் பேசிக்கொள்ளாத இந்த நாட்களிலும் மருந்து நேரம் தவறவில்லை, பேசாமலே விடுகிறேன், பேசாமலே விட்டுக்கொள்கிறார்கள். எதிர்வீட்டு ரேணுகா மகளுக்குத் திருப்பத்தூரில் வரன் முடிந்திருக்கிறது, பையன் வங்கியில் வேலை. கொல்லைப் பலாவில் இந்த வருஷம் காய் குறைவு, போர்க் குழாயில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருகிறது, காய்ச்சித்தான் குடிக்கிறோம். மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. இனி எழுதப் போவதுதான் நான் எழுத உட்கார்ந்த காரியம், நம் பழைய கான்டசா கார் காரியம்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்தாய், உனக்கு மறந்திருந்தாலும் எனக்கு மறக்கவில்லை. அப்பா கண் மங்கி ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து கொட்டகையின் ஓட்டை வழியாக வெயில் விழுந்து வெந்துகொண்டு கிடந்த வண்டி. ஸ்டீயரிங்கைப் பிடித்தவன் கையை எடுக்கிறாய், கறுப்பாக நூல் நூலாக இழுத்துக்கொண்டு வருகிறது, சீ என்று சொல்லி அப்பா தோளில் கிடந்த துண்டில் துடைத்தாய், துண்டும் போயிற்று. பக்கத்தில் நின்ற நான், விடு தம்பி நான் சரி பண்ணிப் பார்க்கிறேன், ஓட்டக்கூடப் படித்தாலும் படிப்பேன் என்றேன். அப்பா உடனே, டிவிஎஸ்ல கறிகாய் வாங்கப் போறவ கான்டசா ஓட்டக் கெளம்பிட்டாளா, ஊருக்கு ஆம்புலன்ஸ் ரெண்டு கூட வேணும் என்றார்கள். எல்லாரும் சிரித்தோம், நானும்தான். அப்போது நீ என்ன சொன்னாய், நீங்க சரி பண்ணுங்கம்மா, சரி பண்ணிட்டா வண்டிய நீங்களே வச்சுக்கங்க, ஓட்டப் படிச்சு அப்பாவப் பின் சீட்டுல போட்டு ஓரியூர் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றாய். பெல்சிகூடக் கைதட்டினாள். வச்சுக்கங்க என்ற அந்த ஒரு சொல்லை நான் எடுத்து வைத்துக்கொண்டேன் சகாயம். நீ விமானம் ஏறிய வாரத்திலேயே வீட்டுக் கணக்கில் வண்டிச் செலவு என்று எப்போதும் எழுதுகிற இடத்தில் என் வண்டி என்று எழுதினேன். எழுதிவிட்டு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவு வெட்கம், அவ்வளவு சந்தோஷம்.

நான் முதலில் பண்ணியதெல்லாம் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். கையில் இழுக்கிறதைப் பார்த்தால் பலாப்பிசின் மாதிரியே இருந்தது, பலாப்பிசினுக்கு நமக்குத் தெரிந்த மருந்து தேங்காய் எண்ணெய்தானே, கிண்ணம் நிறைய எடுத்துப் போய் அழுத்தித் தேய்த்து ஊறவிட்டேன். மறுநாள் பார்த்தால் அல்வா மாதிரி இளகிக் கிடக்கிறது, விரலை வைத்தால் விரல் பதிகிறது. சரி ஈரத்தை இழுக்கட்டும் என்று குட்டிக்கு வாங்கி மிச்சமிருந்த பவுடரைக் கொட்டினேன், போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சிய சட்டி மாதிரி ஆகிவிட்டது. எஞ்சினைப் பார்க்க நீ அனுப்பினாய் என்று கோவிலூர் ரோட்டுப் பட்டறையிலிருந்து வந்த பாண்டிமுருகன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்தார். யக்கா, இதுக்கு மேல எதுவும் ஒட்டலக்கா, ரப்பரே பிசினாப் போச்சு, நீங்க எண்ணெய ஊத்தி அதுக்குப் போஷாக்கு வேற குடுத்திருக்கீக என்றார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது சிரிப்பாகவும் இருந்தது. அவர்தான் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஹாரன் மூடியைப் பெயர்த்து, முன்சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, தண்டையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கங்க, திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி உக்காந்தாலும் கோணலாத்தான் நிக்கும் என்று சொல்லிக் கழற்றிக் கொடுத்தார். பெல்சி விட்டுப்போன நகப்பூச்சில் நான்தான் கோடு போட்டேன்.

பிறகு நீ அனுப்பிய வீடியோப்படி மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கி, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, ஒரு சாண் ஒரு சாணாகத் துடைத்தேன். ஊற்றக்கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த கறுப்பையே திரும்பப் பூசிக்கொண்டிருப்போம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துச் சாப்பாட்டு மேசையில் போட்டுத்தான் செய்தேன், அப்பா தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய், இந்த வீட்டுல இப்ப சக்கரத்துக்குத்தான் எல போட்டிருக்கு, மனுசனுக்குத் தரைதான் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்கள். பிசின் போனபிறகு அடியில் வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது, கோடையில் கண்மாய் கிடக்கிற மாதிரி. ரெண்டு ட்யூப் கலக்குகிற பசையை வெடிப்பில் அடைத்து, இறுகினபிறகு தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்த்து, கையை ஓட்டினால் எங்கேயும் தட்டாத அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு மேல் திண்டுக்கல்லிலிருந்து வரவழைத்த மெல்லிய தோலை லேசாக ஈரப்படுத்தி இழுத்துப் பிடித்து, ரெண்டு ஊசியில் எதிரெதிராகத் தைத்தேன், நூல் வழுக்கிக்கொண்டு போவதற்குக் கோயில் மெழுகுதிரித் துண்டைத் தடவிக்கொண்டேன். எட்டாவதோடு நின்ற என்னைக் கன்னியாஸ்திரீகள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தையல், தலையணை உறையோடு முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன், இதற்கு உதவியது. விரலில் ஊசி ஏறிப் பிளாஸ்திரி போட்டுக்கொண்டு தைக்கிற படத்தை உனக்கு அனுப்பினேன். சூப்பர்மா, இன்னும் கிட்டப் போய் ஒண்ணு எடுங்க, தையல் தெளிவாத் தெரியணும், நல்ல வெளிச்சத்துல வச்சு எடுங்க, முன்னாடி இருந்த படத்தையும் சேத்து அனுப்புங்க என்று கேட்டாய். மகனுக்கு என் தையலில் இத்தனை அக்கறையா என்று ஜன்னலோரம் தூக்கிக்கொண்டு போய் வைத்து எடுத்து எடுத்து அனுப்பினேன்.

அப்பாவும் அப்படித்தான், சாயந்திரம் காப்பிக்கு வரும்போதெல்லாம் தையலைக் குனிந்து பார்த்து, எவ்வளவு தூரம் வந்திருக்கு, எப்ப முடியும் என்று கேட்பார்கள். இந்த வீட்டில் நான் செய்கிற வேலையை எப்ப முடியும் என்று யாரும் ஆசையாகக் கேட்டது கிடையாது, சோறு எப்ப ஆகும் என்பதைத் தவிர. அதனால் எனக்கு ஊசி இன்னும் வேகமாக ஓடியது. டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்து எல்எல்ஆரும் வாங்கினேன். பங்குச்சாமியிடம், ஆரோக்கிய மாதா திருநாளன்றைக்கு என் வண்டிக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தரவேண்டும் சாமி என்று கேட்டேன், மந்திரிக்கிறேன், ஆனா நீங்க ஓட்டுறப்ப நான் ரோட்டுல இருக்க மாட்டேன் என்று அவரும் கேலி பண்ணினார். தையல் முடிகிற சமயம் பாண்டிமுருகன் வந்து, யக்கா பார்ட்டி எப்ப வருது என்று கேட்டார். வேலை முடிந்ததற்கு விருந்து கேட்கிறார் என்று நினைத்து, மந்திரிச்சதும் பிரியாணியே போட்டுருவோம் பாண்டி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரிக்கா என்று போய்விட்டார். அவர்கள் தொழிலில் வாங்க வருகிற ஆளுக்குத்தான் பார்ட்டி என்று பேர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை சிங்கம்புணரியிலிருந்து கதிரவன் என்று ஒருவர் சம்சாரத்தோடு வந்தார், கயிறு வியாபாரம் பண்ணுகிறவராம், வெள்ளை வேட்டி சட்டை, நல்ல மரியாதையான ஆள். அப்பாவிடம் பள்ளிக்கூடத்தில் படித்த பையனாக இருக்கும் என்று நினைத்துக் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தேன். ஸ்டீயரிங்கக் கொஞ்சம் பாக்கலாமாம்மா என்றார். ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது போலிருக்கிறது என்று எனக்குப் பெருமை, துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து வந்து கொடுத்தேன். மடியில் வைத்து ஒரு சுற்றும் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து என் விரல் பிளாஸ்திரியைப் பார்த்தார். படத்துல இருந்த கை இதுதானா, இந்தத் தையலப் பாத்துத்தாம்மா நான் வண்டிய முடிச்சேன், எஞ்சினப் பத்திக்கூட ரெண்டாவதாத்தான் கேட்டேன் என்றார். எந்தப் படம் என்று கேட்டேன். சந்தோஷமாகப் போனை எடுத்துக் காட்டினார். நான் ஜன்னலோரம் வைத்து எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன, பிசினாக இருந்தது, வெடிப்பாக இருந்தது, என் கை, என் ஊசி. அடியில் இங்கிலீஷில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன், நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் புத்தகத்தில் நானாகப் படித்துக்கொண்ட இங்கிலீஷ்தான். வண்டி விற்பனைக்கு, சொந்தக்காரரின் தாயார் கையால் தைத்தது என்று போட்டிருந்தாய். சொந்தக்காரர் நீ, தாயார் நான்.

என் முகத்தைப் பார்த்ததும் கூட வந்த அந்த அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தது. நான் அப்பா பக்கம் திரும்பி, ஏங்க, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். பேப்பரை மடித்தார்கள், திரும்ப விரித்தார்கள். சகாயம்தான் சொன்னான், அட்வான்ஸ்கூட வாங்கி வச்சாச்சு, நீ முடிக்கட்டும்னு பாத்தேன், முன்னாடியே சொன்னா பாதியில விட்ருவேல்ல என்றார்கள். அதோடு விடாமல், பின்ன என்ன, நீ வண்டி ஓட்டி எங்க போகப் போற, அடுப்படிக்கா என்று சிரித்தார்கள், வந்தவரும் சிரிப்பார் என்று நினைத்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கைத் திரும்பத் துண்டில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, இது எனக்குத் தெரியாது சார், அம்மா கூப்பிட்டாத்தான் இனி நான் வருவேன், ஆனா வேற ஆளுக்கு மட்டும் குடுத்துறாதீகம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எவ்வளவு தூரம் வந்திருக்கு, எப்ப முடியும் என்று அப்பா தினமும் கேட்டது கதிரவனுக்குத் தேதி சொல்வதற்காக என்பது வாசலில் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கு நீ போன் பண்ணினாய், எனக்கு இல்லை, அப்பாவுக்கு. ஸ்பீக்கரில் போட்டார்கள். வச்சுக்கங்கன்னு சொன்னது விக்கிற வரைக்கும் பத்திரமா வச்சிருங்கன்னுதாம்மா, நீங்க அப்படி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது என்று கேட்டாய். ஓட்டப் படிக்கச் சொன்னது என்று கேட்டேன், அது சும்மா வெளையாட்டுக்கும்மா என்றாய். அந்தச் சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு என்பது எனக்கும் தெரியும். ரேணுகா ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை வச்சுக்கங்க என்று கொடுப்பாள், அதனால் அந்த வீடு என்னுடையதாகிவிடாது. என் கல்யாணத்தன்று என் அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வச்சுக்க என்று போட்டாள், அதை அவள் திருப்பிக் கேட்கவில்லை. நீ சொன்னது இதில் எந்த வச்சுக்கங்க என்று நான் உன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணினேன். பெற்ற பிள்ளையின் முகம், அதைப் படிக்கத் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அங்கே வீடு வாங்க முன்பணம் தேவை என்று அப்பா சொன்னார்கள். தேவை என்றால் விற்க வேண்டியதுதான், ஆர்சி புக் உன் பேரில்தானே இருக்கிறது, உனக்கு வேலை கிடைத்த வருஷம் அப்பா ஆசைப்பட்டு மாற்றிக் கொடுத்தது. இரும்பை விற்றதற்காக நான் அழவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சரியென்றிருப்பேன், விற்பதற்கு என்று தெரிந்தும் தைத்திருப்பேன், இதே தையல்தான் போட்டிருப்பேன், மகனுக்குச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போட்டிருப்பேன். என்னிடம் சொல்லக்கூடாது என்று நீங்கள் ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டீர்களே, என் கையை நானே படமெடுத்துக் கொடுக்கும்படி செய்தாயே, அதுதான். சொன்னால் பாதியில் விட்டுவிடுவாள் என்று சொன்னீர்களே, உனக்கு நினைவு தெரிந்து நான் எந்த வேலையைப் பாதியில் விட்டிருக்கிறேன், ஒன்று சொல் பார்ப்போம். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்கிற நேரத்தில் அப்பா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள், நான் முன்வரிசையில் நின்றவளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டேன். சமாதானம் இல்லாத வாயால் நன்மை அப்பம் வாங்கக்கூடாது என்று பீடத்துக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நினைவு தெரிந்து அப்படி உட்கார்ந்ததில்லை.

இப்போது நிலைமை இதுதான். வண்டி கொட்டகையில் நிற்கிறது, ஸ்டீயரிங் என் துணி அலமாரியில் இருக்கிறது, நான் அதை ஒளிக்கவும் இல்லை பூட்டவும் இல்லை. அப்பா பாண்டிமுருகனைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னார்கள், யக்கா சொல்லாம நான் கை வைக்க மாட்டேன் சார், எனக்கு அந்தப் பிரியாணியும் வேணும் என்று அவர் நழுவிவிட்டார். விற்கத்தான் வேண்டும் என்றால் அம்மா எனக்குத் தேவை இருக்கிறது, வண்டியைக் கொடுக்கிறேன், ஸ்டீயரிங்கை மாட்டிக் கொடுங்கள் என்று உன் வாயால் என்னிடம் சொல். அன்றைக்கே கோட்டுக்குக் கோடு நேராக வைத்து நானே மாட்டித் தருகிறேன், கோபத்தில் ஒரு பல் தள்ளி வைக்கிறவள் நான் இல்லை, கதிரவனையும் நானே கூப்பிட்டுச் சாவி கொடுக்கிறேன், பங்குச்சாமியிடமும் வண்டி என்னுடையது இல்லை என்று நானே போய்ச் சொல்கிறேன். இல்லை, நான் எடுத்துக்கொண்ட அர்த்தம்தான் நீ சொன்னதற்கும் அர்த்தம் என்றால் அதையும் சொல், கதிரவனுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கம் கிடையாது. ரெண்டில் எது சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். டிரைவிங் ஸ்கூலுக்கு மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறேன், நேற்று கழனிவாசல் ரோட்டில் மாட்டு வண்டியை விலகி முந்தினேன், கிளட்ச் இன்னும் கொஞ்சம் உதறுகிறது.

குளிர் தொடங்குவதற்குள் குட்டிக்குக் காதை மூடுகிற தொப்பி ரெண்டு வாங்கிவிடு, பெல்சியை ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வரவிடாதே, ஞாயிறு பூசையைத் தூங்கிக் கழிக்காதே. ஆரோக்கிய மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், உங்கள் நெற்றியில் இங்கிருந்தபடியே சிலுவை போடுகிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன் பண்ணும்போது என் நம்பருக்குப் பண்ணு. அப்பாவுக்குப் பண்ணி, அம்மாட்ட சொல்லிருங்க என்று சொல்லாதே.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
தை. யூஜினியா